வளையம் போட்ட கேமரா

ஸ்டுடியோவில் அவருக்கு வளையம் என்று பெயர். வைத்தது பெண்டாட்டியின் அண்ணன். ஸ்டுடியோ அந்த மச்சானுடையது, மாடியில் இவர் குடியிருக்கும் இரண்டு அறைகளும் மச்சானுடையவை. ஐம்பது வயதில் வீட்டோட மாப்பிள்ளையாக இருக்கிறவருக்கு மூக்கு மேல் கோபம் வராமல் வேறென்ன வரும்?

சொந்தக் கடை நடத்திய காலத்தில் வாங்கிய நான்கு பழைய லென்ஸ்கள்தான் அவருடைய ஆஸ்தி. கனத்த உலோகம், கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கடை மூடிய பிறகு வாங்கிய மிரர்லெஸ் என்ற புதுவகைக் கேமராவோ வேறு கம்பெனி. லென்ஸ் மாட்டும் அதன் வாயில் இவை உட்காராது. நடுவில் அடாப்டர் என்று ஒரு வெறும் உலோக வளையத்தைப் போட்டால் கச்சிதமாகப் பொருந்திவிடும். அந்த லென்ஸில் எடுத்த முகங்களைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அவரே எடுக்கட்டும்" என்று ஆட்கள் கேட்டு வந்தார்கள். மச்சானுக்கு வயிறு எரிந்தது.

"என்ன மாப்ளே, இன்னிக்கு எவன் தலையை எவன் உடம்புல ஒட்டப் போறீங்க?" என்பார், வந்தவர்கள் எதிரிலேயே.

"ஒட்டுப்போடாத கேமராவை வச்சுக்கிட்டு நீங்க என்னத்தைக் கிழிச்சீங்க மச்சான்?" என்பார் இவர்.

ஆறு வருஷமாக இதே பேச்சுதான். அப்போதுதான் ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழா வந்தது. மேடையேறி பட்டம் வாங்கும் நொடியில் ஆளுக்கு ஒரு படம். மச்சான் மேசையைத் தட்டிச் சொன்னார்: "ஒரு படம் தப்பினாலும் மறுநாள்லேருந்து கவுண்டர்ல உக்காந்து பிரிண்டை எடுத்துக் கொடுங்க. கேமராவைத் தொடவே கூடாது."

"தப்பலைன்னா?"

"அந்த ஒட்டு லென்ஸைப் பத்தி நான் வாயே திறக்கல, போதுமா?"

வளையம் சரி என்றார். கேமராவைப் பிடுங்கிவிட்டால் அந்த வீட்டில் தனக்கு என்ன மரியாதை மிச்சம் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

விழா நாள் காலையில் கீழே ஸ்டுடியோவுக்கு இறங்கினார். அலமாரியில் கேமராப் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. இவர் எப்போதும் கடைசிப் பல் வரை இழுத்து மூடுகிறவர். உடம்பெல்லாம் எரிந்தது. "கை வச்சுட்டான்யா! எதையோ மாத்தி வச்சுட்டான்!" என்று பல்லைக் கடித்தார். எதை மாற்றினான் என்று ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமை இல்லை. மெனுவுக்குள் போய் எல்லா செட்டிங்கையும் மொத்தமாக அழித்து, கேமராவைப் புதிதாக வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுவந்தார். கேமராவோடு வந்த லென்ஸைப் போட்டு நாலு படம் எடுத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. அந்த லென்ஸைக் கழற்றி மேஜை டிராயரிலேயே போட்டுவிட்டுப் போனார். அதை எடுத்துப் போனால் மச்சான் சிரிப்பாரே!

மண்டபத்தில் பழைய லென்ஸை வளையத்தோடு மாட்டினார். முதல் பெண் மேடைக்கு வந்தாள். திரையில் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. அமுக்கினார். க்ளிக் விழவில்லை. மறுபடி அமுக்கினார். 'லென்ஸ் இல்லை' என்றது கேமரா. இரண்டாவது ஆள் வந்து போனான். மூன்றாவது ஆளும் போனான். மண்டபத்தின் மறுபக்கம் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான்! என் கேமராவை என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க? நாசமாப் போறவரே!"

முன்வரிசையில் பெற்றவர்கள் திரும்பினார்கள். கல்லூரி முதல்வர் பட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். மச்சான் வந்து இவர் கேமராவின் திரையை ஒரு தரம் பார்த்தார். தோளால் இவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, மிச்சப் படங்களைத் தன் கேமராவில் எடுத்து முடித்தார்.

சாயங்காலம் பெண்டாட்டி கொதித்துப்போய் நின்றாள். "எங்கண்ணனா இப்படிப் பண்ணினான்? இனி அவன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். காலையில உங்க லென்ஸ் துடைக்கிற துணியைத் துவைச்சுப் பையில வச்சேனே, அப்பகூட எல்லாம் ஒழுங்காத்தானே இருந்துச்சு!"

"பையைத் திறந்தது நீயா?"

"ஆமா. ஏன்?"

வளையம் கேமராவை எடுத்து மெனுவில் தேடினார். 'லென்ஸ் இல்லாமல் க்ளிக்: அனுமதி இல்லை.' வளையத்துக்கு முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது, வாய் காலியாக இருப்பதாகவே நினைக்கும். அதனால்தான் வாங்கிய அன்றே அதை 'அனுமதி' என்று மாற்றியிருந்தார். ஆறு வருஷத்தில் மறந்தே போனார். அழித்ததும் அவர் கைதான். அட முட்டாளே, என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை நேரே மச்சான் முன்னால் போய் நின்றார். "நீங்க தொடல. நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன். உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன்."

மச்சான் பிரிண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தெரியும். நேத்தே திரையில பார்த்தேனே. மெனுவுல ஒண்ணை மாத்தினாப் போதும்."

"தெரிஞ்சுமா சொல்லல? அந்த இடத்துலயே மாத்தியிருந்தா மிச்சப் படமெல்லாம் நானே எடுத்திருப்பேனே!"

"நீங்க எங்க மாப்ளே கேட்டீங்க? நாசமாப் போன்னுதானே சொன்னீங்க."

அவரை அப்படியே அறையலாம் போலிருந்தது. கை எழவில்லை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. வளையம் போய் அதில் உட்கார்ந்தார்.