லேபிளுக்குப் பின்னால் கிளாஸ்கோ

மாரித்தாய் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் சாத்தூர் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் அறையில் கிளாஸ்கோக்காரன் பேச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எல்லாம் மகன் விக்னேஷ்குமார் செய்த வேலை. மேல்படிப்புக்கு கிளாஸ்கோ போனவன், முதல் மாதம் பேந்தப் பேந்த விழித்தான். இங்கே முட்டி மோதிப் படித்த இங்கிலீஷ் அங்கே பஸ் டிரைவரிடம்கூடச் செல்லுபடியாகவில்லை. அந்த ஊர்ப் பேச்சு தனி. கூடத் தங்கியிருந்த உள்ளூர்ப் பையனைப் பிடித்துவைத்துச் சொல் சொல்லாகக் கற்றான். கற்றதில் வாரம் ஒன்றை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். வீடு என்றால் ‘ஹேம்’. முடியாது என்றால் ‘கான்னே’. தினமும் உருளைக்கிழங்கையே தின்று வெறுத்துப்போனால் ‘ஸ்கன்னர்ட்’.

அச்சில் வீணாகிப்போன மத்தாப்பு லேபிளின் பின்பக்கம் அவள் அதை எழுதிக்கொள்வாள். இந்தப் பக்கத்தில் காகிதத்துக்கா பஞ்சம்? திங்கட்கிழமை காலை அந்த லேபிள் கம்பெனிக்குப் போகும்.

“ஏ மதினி, ஒம் மகன் இந்த வாரம் என்ன சொன்னான்?” என்று பாண்டிச்செல்வி ஆரம்பித்தால் அறையே காதைத் தீட்டிக்கொள்ளும். சூப்பர்வைசர் மாரிசாமி வந்து, “லோடு ஏத்த லாரி நிக்கி, வெரசா பாக்கெட் போடுங்கத்தா” என்பார். அத்தனை பேரும் ஒரே குரலில் “கான்னே!” என்பார்கள். “என்னத்தச் சொல்லி வையிதீகளோ” என்று முனகிக்கொண்டே அவர் போய்விடுவார்.

புருஷன் போய்ப் பதினோரு வருஷம். அந்த அறையில் கம்பி மத்தாப்பு அடுக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம். பெருமைப்பட அவளுக்கென்று வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்? படிப்பை முடித்துவிட்டு அவன் வந்ததும் இருக்கன்குடி அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தாள்.

போன ஞாயிறு, பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். “இரும்மா” என்று குமார் போனை வைத்துவிட்டுப் போனான். கட் பண்ணவில்லை. வந்தது அந்த உள்ளூர்ப் பையன். இரண்டு பேரும் அந்த ஊர்ப் பேச்சிலேயே மளமளவென்று பேசினார்கள். மாரித்தாய்க்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எம் பிள்ளை எம்புட்டு வேகமாப் பேசுதான்!

திடீரென்று குமாரின் குரல் உடைந்தது. “ஸ்கன்னர்ட்” என்றான். பிறகு “ஹேம்” என்றான். “கான்னே” என்றான். மறுபடியும் ஹேம், மறுபடியும் கான்னே. அப்புறம் பேச்சில்லை, விசும்பல்தான். ஏழு வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது விசும்பினானே, அதே விசும்பல்.

வெறுத்துப்போச்சு. வீட்டுக்குப் போகணும். முடியாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தச் சொற்களை அவன் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால், ஏதோ பையன்களுக்குள் சண்டை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள், பாவி மகள்.

“ம்மா, லைன்ல இருக்கியா?” திரும்பி வந்தவன் குரலில் ஒன்றுமே நடக்காத மாதிரித் தெளிவு.

“என்னய்யா ஆச்சு? அளுதியே?”

“யாரு அளுதா? அவங்கூடச் சும்மா விளையாடிட்டிருந்தேன்.”

“பொய் சொல்லாதலே. ஹேம்னு சொன்ன, கான்னேன்னு சொன்ன. எனக்குத் தெரியும்லா! வந்துருய்யா. படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஊரு என்னத்தையும் பேசிட்டுப் போவுது.”

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு சிரித்தான்.

“நாலு வார்த்தை தெரிஞ்சதும் என்னா பேச்சுப் பேசுத! சரி, இந்த வாரத்துச் சொல்லை எழுதிக்கோ. ‘சஃப்ட்’. ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னு அர்த்தம்.”

“குமாரு…”

“எழுதுனியாம்மா?”

எழுதினாள். வேறு என்ன செய்வாள்? அவன் போனை வைத்ததும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அந்த ஊரில் வேறு யார் நம்பரும் அவளிடம் இல்லை. சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தாள். என்னவென்று கொடுப்பது? எம் மகன் சந்தோஷமா இருக்கேங்கான், நம்ப முடியலை என்றா?

மறுநாள் காலை பாண்டிச்செல்வியே அவள் மடியிலிருந்த லேபிளை உருவிவிட்டாள்.

“சஃப்ட்! அப்படின்னா என்ன மதினி?”

“சந்தோஷமா இருக்கானாம்.”

அறை முழுக்க “சஃப்ட், சஃப்ட்” என்று கும்மாளம் போட்டது. மாரித்தாய் குனிந்து கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது.

“மகன்காரன் சந்தோஷமா இருக்கான், தாய்க்காரி வாயத் திறக்கல பாரு. நீயும் சொல்லு மதினி!”

“கான்னே” என்றாள் மாரித்தாய்.

வழக்கமான வேடிக்கைதான் என்று நினைத்து, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.