ராத்தாவின் வளவில் பாடியவர்கள்

கல்முனை பிரதான வீதியில், பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்க, ராத்தா ஓட்டோவைச் சட்டென்று ஓரங்கட்டி நிறுத்தினாள். பாடசாலையில் படிப்பித்துவிட்டு, அக்கா முறையில் ராத்தா என்று நான் கூப்பிடும் அவளோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். டயர் போய்விட்டதோ என்று நான் இறங்கப் போக, "இறங்காத புள்ள, இதக் கேளு" என்று கைபேசியின் சத்தத்தைக் கூட்டினாள். றபான் என்ற கைமேளத்தின் அடி. அதோடு ஒட்டி ஒரு கிட்டார். அதற்கு மேலே ஒரு பெண்குரல், நம் ஊர்ப் பெண்கள் கதைக்கிற அதே இழுவையோடு கவி பாடியது.

*கை நோக நெய்த சீல*
*கடையெல்லாம் போன சீல*
*ஊர் என்ன கதைச்சாலும்*
*ஒண்டெனக்கு எடுத்து வெப்பேன்*

ராத்தா அதை மூன்றாம் தரமும் போட்டாள். அவள் கண் கலங்கவில்லை, சிரித்தாள். "எடுத்து வெப்பேன் எண்டு செல்றாள் பாரு! வைக்கட்டுமா எண்டு கேக்கல்ல."

கணவர் மவுத்தானபின் அவருடைய ஓட்டோவை விற்கச் சொல்லி எல்லோரும் வந்தார்கள். அவள் விற்காமல் ஓட்டப் பழகினாள். முதல் வருடம் ஸ்டாண்டில் அவளுக்கு இடம் விடவில்லை. ஆஸ்பத்திரி மதிலோரம் நிறுத்தி, பெண்களையும் நோயாளிகளையும் ஏற்றினாள். பிறகு அந்தப் பெண்கள் வேறு ஓட்டோவில் ஏற மாட்டோம் என்றார்கள். அப்படிப்பட்டவளுக்கு அந்தப் பாட்டு ஏன் பிடித்தது என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

விசாரித்ததில், பாடியவள் மருதமுனையில் தறி நெய்கிற பெண். றபான் அடிப்பவன் அவளுடைய தம்பி. கிட்டார்க்காரன் திருக்கோவில் பையன், அவனும் அந்தத் தம்பியும் ஒன்றாகத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள். குழு தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்களுடைய முதல் நிகழ்ச்சிக்கு ஒரு மண்டபம் பேசியிருந்தார்கள். ராத்தா எனக்கும் தன் மகளுக்கும் சேர்த்து இடம் சொல்லி வைத்தாள். ஆனால் நாள் நெருங்கியபோது மண்டபக்காரர் பின்வாங்கிவிட்டார். பெண் பாடுவதா, வேறு ஊர்ப் பையனும் கூட இருப்பதா என்று யாரோ அவரிடம் போய்ச் சொல்லியிருந்தார்கள். கேள்விப்பட்ட அன்றே ராத்தா மருதமுனைக்கு ஓட்டோவை விட்டாள். "என்ட வளவு பெருசு. மதிலும் இரிக்கி. வந்து பாடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த நேரம் ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிவாகியிருந்தது. பையனை மகளுக்கும் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அந்த வீட்டையும் வளவையும் ராத்தா மகள் பேரில் எழுதியே வைத்திருந்தாள். வளவில் பாட்டு நடக்கப்போகிற செய்தி பரவியதும் மாப்பிள்ளையின் உம்மா வந்தார். கெட்ட மனுசி அல்ல. வரும்போது இனிப்புக்கு வட்டிலப்பம்கூடக் கொண்டு வந்தார்.

"கலியாணத்துக்கு முந்தி இந்தப் பாட்டுக் கச்சேரி என்னத்துக்கு? எங்கட ஆக்கள் கதைக்கிறாங்க. நிப்பாட்டிப் போடுங்க. இல்லாட்டி நாங்க யோசிக்க வேண்டி வரும்" என்றார்.

ராத்தா வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் மகளைப் பார்த்தாள். "ஊடு உன்ட. நீ செல்லு."

மகள் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். "மாமி, நாளைக்கு இந்த ஊட்டுல என்ன கேக்கலாம், ஆர் வரலாம் எண்டும் நீங்கதான் செல்லுவீங்களா?"

"பெரியாக்கள் செல்றதக் கேக்கத்தானே வேணும், மகள்."

"அப்ப பாட்டு நடக்கட்டும். தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவர் குடிக்காமல் எழுந்து போனார். மறுநாளே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் அழவில்லை என்று எழுத மாட்டேன். குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அழுதாள். ராத்தா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கோப்பையாக வாங்கித் துடைத்தாள். "இப்பவும் வேணாம் எண்டாச் செல்லு, நிப்பாட்டுறன்" என்றாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இரிக்கப் பாய் பத்தாது. பக்கத்து ஊட்டுலயும் கேளுங்க" என்றாள்.

நிகழ்ச்சி நாளான சனிக்கிழமை, பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தறிப் பெண்கள் வந்தார்கள். ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். என் பாடசாலை அதிபர்கூடத் தன் மனைவியோடு வந்து, பின்வரிசையில் சங்கடத்தோடு உட்கார்ந்தார். ஒலிபெருக்கி வைத்தால் அதையே காரணமாக்குவார்கள் என்று வைக்கவில்லை. ராத்தா ஓட்டோவை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, ஓட்டும் சீட்டிலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் பக்கத்து இடைவெளியால் நுழைந்தார்கள்.

பாட்டுத் தொடங்கியதும் வாசலில் சிலர் கூடினார்கள். ஒருவர், "றோட்டுக்குக் கேக்கப் பொம்பள பாடுறதா?" என்று சத்தம் போட்டார்.

"காது உங்கட, பாட்டு எங்கட" என்றாள் ராத்தா, சீட்டை விட்டு அசையாமல், ஆனால் அண்ணனிடம் பேசுகிற மரியாதையோடு. "வேணாட்டி அங்கால போங்க, காக்கா. றோட்டு நீளம்தானே."

உள்ளே அந்தப் பெண் கண்ணை மூடாமல், எங்கள் முகங்களைப் பார்த்தே பாடினாள். ஒலிபெருக்கி இல்லாததால், அவளைக் கேட்பதற்காகவே அத்தனை பேரும் முன்னால் நெருங்கி உட்கார்ந்தோம். வாசல் சத்தம் தேய்ந்துவிட்டது. "ஒண்டெனக்கு எடுத்து வெப்பேன்" என்ற அடி வந்தபோது தறிப் பெண்கள் தாங்களாகவே சேர்ந்து பாடினார்கள். அதைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். அது முடிந்த கணத்தில், முன்வரிசையிலிருந்து ராத்தாவின் மகள் வாயில் கை வைத்துக் குரவை இட்டாள். கலியாண வீட்டில் மட்டும் நாங்கள் இடுகிற குரவை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தொடங்கி, வளவு முழுக்க அது எழுந்தது. நானும் இட்டேன். அதிபர் இருக்கிறார் என்பது எனக்கு நினைவில்லை.

றோட்டால் போன ஒரு மனுசி நின்று, ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, மகளுக்குக் கலியாணமா?"

"கலியாணம் நிண்டு போச்சி" என்றாள் ராத்தா. ஓட்டோவைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வழி விட்டாள். "உள்ளுக்கு வாங்க. பாட்டு இன்னும் முடியல்ல."