மணியடித்து நடந்த மாணவர் சேர்க்கை

மூத்தவள் பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, சென்னைப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று தேனியில் கல்யாண மண்டபம் பிடித்து மாணவர் சேர்க்கை நடத்தியது. என் கணவருக்கு மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. கடைக்கு வந்த யாரோ சொல்லி, "சும்மா பாத்துட்டு வருவோம்" என்று எங்களைக் கூட்டிப் போனார்.

வாசலில் பன்னீர் தெளித்து, பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மேடையில் ஒரு வெண்கல மணி. ஒரு குடும்பம் முன்பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பிள்ளையை மேடையேற்றி மணியடிக்க வைத்தார்கள். எல்லோரும் கைதட்ட வேண்டும். இன்னும் பரீட்சையே எழுதாத பிள்ளைகள்.

எங்களிடம் வந்த பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள். முதல் கட்ட விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாளாம். அதன்பின் ரோலிங் அட்மிஷன். வருகிற வரிசையில் பார்த்து, இடம் தீரும்வரை சேர்த்துக்கொண்டே இருப்பார்களாம்.

"அப்ப நாளைக்கு வந்தாலும் சேரலாம்ல அக்கா?" என்றாள் மகள்.

"சேரலாம்மா. ஆனா நீ கேக்குற வேளாண்மை கோர்ஸ் இருக்காது."

"இப்ப எத்தன சீட்டு மிச்சமிருக்கு?"

"அதெல்லாம் சிஸ்டத்துலதான் தெரியும்."

மறுபடி மணி அடித்தது. கணவருக்கு வேர்த்துவிட்டது. "எல்லாரும் போடுறாகளே, நம்மளும் போட்டு வைப்பமா?" என்று என் காதருகே கேட்டார். மகளுக்கு வேளாண்மை படிக்க ஆசை. அரசுக் கலந்தாய்வுக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். இங்கே கட்டுகிற முன்பணமோ திரும்ப வராது. அதை மட்டும் தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"எந்திரிங்க, போவோம்" என்றேன்.

வெளியே வந்துவிட்டோம், பயம் கூடவே வந்தது. தினமும் போன் அடித்தது. ஒவ்வொரு தடவையும் அன்றுதான் கடைசி என்றார்கள். மகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, விட்டுட்டமோ?" என்று கேட்பாள். நிம்மதியாகப் படிக்க வேண்டிய பிள்ளையை அப்படிக் கேட்க வைத்தவர்களை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

ரிசல்ட் வந்தது. அரசுக் கலந்தாய்வில் வேளாண்மைக்கு மதிப்பெண் எட்டவில்லை, தோட்டக்கலை கிடைத்தது. சந்தோஷமாகவே போய்ச் சேர்ந்தாள்.

அவளுக்கு வகுப்பு தொடங்கிய பிறகும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. கணவர் ஸ்பீக்கரில் போட்டார். அவள் கேட்ட கோர்ஸில் இடம் இருக்கிறதாம், இன்றே வரலாமாம்.

"பிள்ளைய வேற காலேஜில சேத்துட்டம்மா."

"பரவால்ல சார். வீட்டுல வேற பசங்க இருக்காங்களா?"

"சின்னவ ஒம்பதாவது படிக்கா" என்றார், மரியாதைக்கு.

"அவங்களுக்கு இப்பவே பதிஞ்சு வச்சுக்கலாம் சார்."

நான் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"அந்தப் பிள்ளையும் சம்பளத்துக்குத்தான பேசுது, எதுக்கு இம்புட்டுக் கோவம்?" என்றார் கணவர்.

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவளின் வகுப்பைச் சொல்லிவிட்டார். இந்நேரம் அதையும் அவர்கள் சிஸ்டத்தில் ஏற்றியிருப்பார்கள்.