பிலோமினாவின் இடது கன்னம்

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பிலோமினாவின் தம்பி ஆண்டனி அனுப்பியிருந்தான்: அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். கூடவே அஞ்சலிப் படம். அழுகை வருவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தில் இரண்டு கன்னத்திலும் மச்சம் இருந்தது.

அவளை அறிந்த உங்களுக்குத் தெரியும், மச்சம் வலது கன்னத்தில் மட்டும்தான். இடது பக்கம் முகவாதத்தில் தொங்கிப்போனது. நல்ல பாதியைப் புரட்டி மறுபாதியை மறைத்திருந்தார்கள். வேறு யாருக்குச் செய்திருந்தாலும் பொறுத்திருப்பேன். அந்த வித்தையே அவளுடையது.

தட்டையான படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுப்பதுதான் நானும் அவளும் இருந்த அலுவலகத்தின் வேலை. ஒருமுறை, எரிந்துபோன ஒரு கோயில் குதிரை வாகனத்தின் பழைய புகைப்படம் வந்தது. ஒரே படத்தில் ஆழம் தெரியாது, திருப்பி அனுப்பு என்றார் மேலாளர். பிலோமினா அதைக் கணினியில் இடவலமாகப் புரட்டினாள்.

"இப்ப ரெண்டு போட்டோ இருக்கு பாஸ்."

குதிரையின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், சாய்வாக எடுத்த படத்தைப் புரட்டினால் அது எதிர்ப்பக்கம் நின்று எடுத்த படமாகிவிடும். இரண்டு கண்ணால் பார்ப்பதுபோல ஆழம் கிடைத்துவிடும். "நேரா நின்னு எடுத்திருந்தா ஒண்ணும் கிடைச்சிருக்காது லா," என்று சிரித்தாள்.

குதிரை எழுந்து நின்றது. ஆனால் புகைப்படத்தில் இடது காது உடைந்திருந்தது. மென்பொருள் அதை முழுக் காதாக்கிவிட்டது. அவள் உட்கார்ந்து மறுபடி உடைத்தாள். "ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு வச்சுக்கிறது நம்ம வசதிக்குத்தான். இல்லன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா விட்டுடணும்."

நிறுவன இணையதளத்தில் அவள் முகத்தைச் சரிசெய்து போடலாமா என்று கேட்டவரிடமும் அதே பிடிவாதம். "ரெண்டு பக்கமும் நான்தான். அப்படியே போடு, இல்லாட்டி போடாதே."

மீனை அங்கேயே விட்டுவிட்டு புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பொய் முகம்.

"அழகா இருக்கட்டும்னுதான் செஞ்சேன் அக்கா," என்றான் ஆண்டனி.

"அவ அழகாத்தான்டா இருந்தா!"

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் கைப்பேசியிலிருந்த படத்தை அச்சிட்டு வரும்வரை நான் உட்காரவில்லை. சட்டத்தில் மாட்டியவன் ஆண்டனிதான். மாட்டிவிட்டு அந்தத் தொங்கிய கன்னத்தைத் தொட்டான். அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதான்.

அந்தப் படத்தின் இன்னொரு பிரதி என் மேசைமேல் இருக்கிறது. சாய்வாக எடுத்தது. கோணிய வாயோடு சிரிக்கிறாள். ஒரே ஒரு மச்சம். இதைச் சரிசெய்ய யார் வந்தாலும் முதலில் என்னிடம் வரட்டும்.