காஸ்பர் அடித்த தக்கை

காஸ்பருக்கு வாய் நீளம் என்பது அம்புசான் மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் சாவு வீட்டில் உட்கார்ந்து, கையில் பன்றிக்கறிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, சொந்தத் தம்பி மனைவியின் மானத்தை வாங்கும் அளவுக்கு நீளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அந்த லாரியா? அது எப்பவோ சாக வேண்டியது. பொம்பளை கை வச்ச இஞ்சின் எத்தனை நாளைக்கு ஓடும், சொல்லுங்க? என் கெட்ட நேரம், நான் ஓட்டும்போது உசிரை விட்டுச்சு. இனிமே அது ஆத்துப் பாலத்தைத் தாண்டி மேடு ஏறட்டும், முட்டைக்கோஸ் மூட்டையை என் முதுகுல சுமக்குறேன். காஸ்பர் சொல்றேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுப்படியில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஜோவிட்டாவுக்கும் கேட்டது. அவள் கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள். கத்தியைக் கீழே வைத்தாளே, அது காஸ்பர் செய்த புண்ணியம்.

எங்கள் மலையில் லாரி ஓட்டுகிற பெண் ஜோவிட்டா ஒருத்திதான். கணவன் தமாசோவுக்குத் தோட்டம் போதும். மண்ணைத் தவிர வேறெதுவும் அவனுக்குப் பிடிபடாது. இவளுக்கோ ஒரு இடத்தில் கால் தரிக்காது. சுரங்கக்காரர்கள் துருப்பிடிக்கப் போட்டிருந்த பழைய டீசல் லாரியை வாங்கி, தானே சரிசெய்து, ஊர்க் காய்கறியை எல்லாம் திரினிதாத் சந்தைக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தாள். முன்கோபக்காரிதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவள் லாரியில் ஏறிய முட்டைக்கோஸ் ஒன்றுகூட வாடிச் சந்தை சேர்ந்ததில்லை.

காஸ்பரிடமும் ஒரு லாரி உண்டு. அது பட்டறையில் கிடந்தபோதுதான், உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும் என்று தம்பியிடம் வந்து நின்றான். சொந்தக்காரன் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஜோவிட்டா சாவியைக் கொடுத்தாள். மறுநாள் வேறொரு லாரி அவள் லாரியைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனது. இஞ்சின் இறுகிப்போயிருந்தது. "தண்ணி நிறையத்தான் இருந்துச்சு ஜோவிட்டா, வேணும்னா ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாரு. உன் இஞ்சின் வயசாகிச் செத்துருச்சு" என்றான் காஸ்பர். திறந்து பார்த்தாள். நிறையத்தான் இருந்தது. அவளும் நம்பினாள், பாவி.

அன்றிலிருந்து ஊர்ச் சரக்கெல்லாம் காஸ்பர் லாரியில் ஏறியது. அறுவடை வரைக்கும் இப்படியே போனால் ஒருவரும் அவளிடம் திரும்பி வரமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும், காஸ்பருக்கும் தெரியும்.

சாவு வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே ஜோவிட்டா லாரியின் முன்பக்கத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். முதலில் ரேடியேட்டர். தண்ணீரை வடிக்கலாம் என்று அடியில் கையை விட்டால், அங்கே இருக்கவேண்டிய போல்ட்டைக் காணோம். அந்த ஓட்டையில் ஒரு கொய்யா மரத் தக்கையைச் செதுக்கி அடித்திருந்தது. கசியாமலிருக்க அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்ட துணி. அந்தத் துணியில் தைத்த சட்டை ஊரில் ஒருத்தனிடம்தான் உண்டு. தக்கையைப் பிடுங்கியதும் வந்தது சுத்தமான ஆற்றுத் தண்ணீர். அவள் ஊற்றி வைத்து, துருவேறிப் பழுப்பாகியிருந்த பழைய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஜோவிட்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடந்தது முழுவதும் பளிச்சென்று புரிந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பாலம் வரை ஒரே செங்குத்து இறக்கம். பிரேக் கொதித்துவிடாமலிருக்க, ஒவ்வொரு லாரியின் கூரையிலும் ஒரு பீப்பாய் தண்ணீர் இருக்கும். குழாய் வழியாகச் சக்கரங்களில் சொட்டிக்கொண்டே வரும். இறங்குமுன் ஊர் எல்லையிலுள்ள சுனையில் வரிசையில் நின்று பீப்பாயை நிரப்ப வேண்டும். காஸ்பருக்கு வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல். காலிப் பீப்பாயோடு இறங்கியிருக்கிறான். பாதி வழியில் பிரேக் புகைந்திருக்கிறது. இறக்கத்தில் இஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு என்று ரேடியேட்டரைத் திறந்துவிட்டுப் பிரேக்குக்கு ஊற்றியிருக்கிறான். அந்த அவசரத்தில் போல்ட் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. அப்புறம் பாலம் தாண்டி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், முழுச் சுமையோடு மேட்டில் ஏற்றியிருக்கிறான். எல்லாம் முடிந்தபிறகு தக்கையை அடித்து, ஆற்றுத் தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

"பாத்தியா உங்கண்ணன் லட்சணத்தை!" என்று தக்கையைத் தமாசோவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

தமாசோ அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தான். "போனது போச்சு, விடு புள்ள. அண்ணனாச்சே."

"உனக்கு அண்ணன். எனக்கு இல்ல. இதைப் பத்தி ஊர்ல மூச்சு விட்டே, அப்புறம் உன்னோட ஒரு அடுப்புல சமைக்கமாட்டேன்."

"சொல்லாம என்ன பண்ணப்போறே?"

"ஏத்துவேன். இந்த லாரியை அந்த மேட்டுல ஏத்துவேன். அவன் முதுகுல மூட்டையையும் ஏத்துவேன்."

தக்கையைத் தன் மேல்சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று பைன் மரங்களை முக்காலியாகக் கட்டி, சங்கிலிக் கப்பி மாட்டி, இஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தாள். பழைய டயர்மேல் அதை உட்காரவைத்துத் அதன் தலைமூடியைக் கழற்றியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிஸ்டன்கள் உள்ளே உரசி உரசிப் பாளம் பாளமாகக் கீறியிருந்தன. தலை வளைந்திருந்தது. வளர்த்த பன்றிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றாள். பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்குத் தண்டையும் தலையையும் பாகியோ நகரிலுள்ள லேத் பட்டறைக்குக் காய்கறி லாரிகளில் ஏற்றி அனுப்பினாள். காஸ்பர் லாரியில் மட்டும் அனுப்பவில்லை.

மீதி எல்லாம் வீட்டு வாசலில்தான். மழை வந்தால் தார்ப்பாய்க்குக் கீழே, வெயில் வந்தால் வெளியே. வால்வுகளைப் பசை தடவிக் கைக்கட்டையால் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பாள். ஒவ்வொரு சுழற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பேர் சொல்வாள். என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும். புது ரிங்கு, புது பேரிங், எண்ணெய் தடவி உள்ளே இறக்கிய பிஸ்டன் என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். கோபத்தில் செய்த வேலை கோணலாகும் என்பார்கள் சிலர். அவள் கோபத்துக்கு அவசரமே இல்லை. பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் பிரித்து மறுபடியும் மாட்டுவாள்.

காஸ்பர் அடிக்கடி அந்த வழியாக வருவான். வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"இன்னும் கோத்து முடியலையா? பேசாம அந்த இரும்பைக் கவுத்துப் போடு, பன்னிக்குத் தீனி வைக்க வசதியா இருக்கும்."

"வைக்கிறேன் அத்தான். பன்னி தானாவே வேலி வரைக்கும் வந்து நிக்குது, இன்னும் என்ன?"

பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்கியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காஸ்பர் காறித் துப்பிவிட்டுப் போனான்.

இஞ்சினை மறுபடியும் லாரிக்குள் இறக்குகிற நாளில் அக்கம்பக்கத்து ஆண்களெல்லாம் வந்து கைகொடுத்தார்கள். சங்கிலி கடகடவென்று இறங்கியது. எல்லாம் சரியாகப் போய், கடைசியில் கியர்பாக்ஸ் தண்டு கிளட்சுக்குள் நுழையாமல் விரல் கனத்துக்கு இடைவெளி விட்டு நின்றுவிட்டது. தள்ளினார்கள், ஆட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. "போல்ட்டைப் போட்டு இறுக்கிருவோமா?" என்றான் ஒருவன். "கையை எடு! உடைச்சுத் தொலைக்கிறதுக்கா இவ்வளவு பாடு?" என்று சீறினாள் ஜோவிட்டா. லாரிக்கு அடியில் புகுந்து, கியர்பாக்ஸின் வாலை ஜாக்கியால் மயிரிழை தூக்கி, "முன்னாடி கிராங்கை மெதுவாத் திருப்பு" என்று தமாசோவுக்குக் குரல் கொடுத்தாள். அவன் திருப்பினான். ணங்கென்று உள்ளே உட்கார்ந்தது.

கடைசிப் பன்றி அன்றைக்கு அறுக்கப்பட்டது. பெரிய வாகனம் ஓடத் தொடங்குமுன் பூசை வைத்து, பன்றியின் பித்தப்பையில் சகுனம் பார்த்து, ஊருக்குக் கறி பங்கு போடவேண்டும். பூசை செய்கிற பெரியவர் சுயோனுக்கு ஒரு பழக்கம்: மந்திரத்துக்கு வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரரை ஒரு கேள்வி கேட்பார்.

"ஜோவிட்டா, யார் மேலயாவது வயித்துல ஏதாவது வச்சிருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிரு. மனக்கறையோட வண்டி மலையில போகக்கூடாது."

கூட்டத்தில் காஸ்பரும் உட்கார்ந்திருந்தான். ஜோவிட்டாவின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. தமாசோ அவளையே பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல பெரியவரே" என்றாள் வாய் கூசாமல்.

பித்தப்பை நன்றாகப் பருத்து, நல்ல சகுனமாகவே இருந்தது. பூசை முடிந்தது. டீசல் குழாயில் காற்றை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள், பன்றிக் கொட்டில் கூரை அதிர்ந்தது! காஸ்பர் தன் பங்குக் கறியை வாங்கிக்கொண்டு, "வாசல்ல எல்லாந்தான் உறுமும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

அறுவடை வந்தது. ஊர்க்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. புதிதாகக் கோத்த இஞ்சினை நம்பி யார் சரக்கை ஏற்றுவார்கள்? ஏறக்குறைய எல்லாருடைய முட்டைக்கோஸும் காஸ்பர் லாரியில் மலைபோல் குவிந்தது. ஜோவிட்டா லாரியில் அவளுடைய தோட்டத்துச் சரக்கு மட்டும். முக்கால்வாசித் தளம் காலி. தமாசோ பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

சுனையில் அவள்தான் முதலில் போய் நின்றாள். பீப்பாயில் குழாயைப் போட்டுவிட்டுச் சாவகாசமாகக் காப்பி குடித்தாள். பின்னால் காஸ்பர் வந்தான்.

"ஏய், இது என்ன உன் அப்பன் வீட்டுச் சுனையா? சீக்கிரம் எடு!"

"நிறையட்டும் அத்தான். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அதையேதான் செய்தான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அவளைச் சுற்றி லாரியை ஒடித்து, காலிப் பீப்பாயோடு இறக்கத்தில் இறங்கினான். "சொல்லு புள்ள, பிரேக்கு புகையும்" என்றான் தமாசோ. "நான் ஏன் சொல்லணும்?" என்றாள் அவள்.

பாதி இறக்கத்தில், வளைவில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கற்கள் கிடந்தன. பக்கத்தில் பழுப்புத் தண்ணீர் சாலையெல்லாம் ஓடியிருந்தது. ஜோவிட்டா அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடியும் ரேடியேட்டரைத் திறந்திருக்கிறான், முட்டாள்! போன தடவை போல்ட் விழுந்ததுதான் தப்பு என்று நினைத்திருப்பான். பாலத்தில் நின்று ஆற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

நிற்க விட்டால்தானே? ஜோவிட்டா விரட்டிப் போய்ப் பாலத்துக்குச் சற்று முன்னால் அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டாள். காஸ்பர் லாரி வேகம் குறைந்தது. அவள் ஹாரனில் கையை வைத்தாள், எடுக்கவே இல்லை. பள்ளத்தாக்கே அலறியது. செத்துப்போன இஞ்சின் தன்னை முந்திப் போவதா? காஸ்பர் நிற்கவில்லை. காலை அழுத்தி மேட்டில் ஏற்றினான்.

"பாவம் புள்ள" என்றான் தமாசோ.

"பேசாதே."

மேட்டில் பாதிகூடப் போகவில்லை. காஸ்பர் லாரியின் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஜோவிட்டா அவனைத் தாண்டிப் போய், மேட்டின் உச்சியில் இஞ்சினை அணைக்காமலேயே நிறுத்தினாள். சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. தங்கள் சரக்கோடு கூடவே வந்த தோட்டக்காரர்கள் காஸ்பரின் லாரியிலிருந்து குதித்து அவளிடம் ஓடிவந்தார்கள்.

"ஜோவிட்டா, மத்தியானத்துக்குள்ள சந்தைக்குப் போகலேன்னா அத்தனையும் அழுகிரும். உன் வண்டியில இடம் இருக்குல்ல?"

"இருக்கு. எல்லாத்தையும் ஏத்திக்கிறேன். ஆனா மூட்டை யார் முதுகுல வரணும்னு சாவு வீட்டுல ஒருத்தர் சொன்னார். உங்களுக்கு மறந்துபோச்சா?"

ஒருவருக்கும் மறக்கவில்லை. எல்லோரும் திரும்பிக் காஸ்பரைப் பார்த்தார்கள். சரக்கு அவர்களுடையது, ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை. காஸ்பர் முதல் மூட்டையைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினான். இறக்கிவிட்டுத் திரும்பப் போனான். மறுபடியும் வந்தான். தமாசோ பொறுக்கமாட்டாமல் கீழே இறங்கினான். "ஏறி உக்காரு!" என்று ஜோவிட்டா போட்ட அதட்டலில் மறுபடியும் ஏறிக்கொண்டான்.

கடைசி மூட்டையை இறக்கியபோது காஸ்பருக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் தண்ணி குடு ஜோவிட்டா. வண்டிக்கு" என்றான் தரையைப் பார்த்தபடி.

அவள் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினாள். சிவப்புக் கட்டம் போட்ட துணி சுற்றிய தக்கையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"முதல்ல இதை அடிச்சுக்குங்க அத்தான். அப்புறம் ஆத்துல தண்ணி எடுத்து ஊத்துங்க. வழக்கந்தானே?"

நின்றவர்கள் துணியைப் பார்த்தார்கள், காஸ்பரின் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றான். அவள் கியரைப் போட்டாள்.

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் பெரியவர் சுயோனின் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி, ஒரு கோழியை அவர் கையில் கொடுத்தாள்.

"என்னம்மா இது, இன்னொரு பூசையா?"

"இல்ல பெரியவரே. அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க, பொய் சொல்லிட்டேன். இப்ப கேளுங்க."

பெரியவர் கோழியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் மேலயாவது வயித்துல ஏதாவது வச்சிருக்கியா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் ஜோவிட்டா.