முதல் மணி யாருக்கு?

உத்தமபாளையம் பக்கம் எங்கள் ஊரில் புதுப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் பணம் சேர்க்க ஏலம் விட்டோம். எல்லாரும் சேவலும் வாழைத்தாரும் கொண்டுவர, முதல் மணி அடிக்கும் உரிமையையே ஏலம் விடச் சொன்னவன் நான்தான். பள்ளிக்கூடமே போகாமல் மிளகு வியாபாரத்தில் தலையெடுத்த எனக்கு அதை அடிக்க ஆசை. மைத்துனனிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அவன் ஏலம் கேட்டதும், எனக்காகத்தான் கேட்கிறான் என்று நினைத்து நான் போட்டிக்குக் கேட்கவில்லை. ஏலம் அவனுக்கே முடிந்தது.

“பண்ணையார் பேருக்குப் போடுங்க” என்றான்.

சிறுவயதில் என்னைப் படிக்கவிடாமல் மாடு மேய்க்க வைத்தவர் அவர்.

“ஏலே, என்னலே இது?”

“கோவிச்சுக்கிறாதீக மச்சான். அவுக கேட்டாக, தட்ட முடியல.”

பள்ளி திறந்த அன்று பண்ணையார் மணி அடித்தார். நானும் கைதட்டினேன்.

சந்தையில் என்னை ஏமாற்ற ஒருவன் பிறக்கவில்லை என்று இன்றும் மார்தட்டுவேன். ஆனால் அதற்குப்பின் என் ஆசை எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.