ஐந்தாவது பேஸ் கிட்டார்

என் வீட்டில் நான்கு பேஸ் கிட்டார்கள் இருந்தன. நான்கும் காசு கொடுத்து வாங்கியவை. ஐந்தாவதை நான் வாங்கவில்லை. ஒரு சாவு வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். இதை எழுதிவைக்க வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று முறையும் அருவருப்பில் மூடிவிட்டேன்.

எனக்குப் பெங்களூரில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை வண்டியைப் பிடித்து, பங்காருப்பேட்டை தாண்டும்வரை புத்தகம் படிப்பேன். அதற்குப் பிறகு கை தானாகப் போனுக்குப் போகும். பழைய சாமான் விற்கும் பக்கத்தில் 'பேஸ் கிட்டார்' என்று தேடுவேன். போர்வை விரித்த கட்டிலின்மேல் பிணம்போலக் கிடத்தி எடுத்த படங்கள் வரும். கீழே எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதியிருப்பார்கள்: 'ஒரே ஓனர். வீட்டில் மட்டும் வாசித்தது.' அந்த வரியைப் படித்தால் என் வாயில் எச்சில் ஊறும். ஊறுவது தெரியும்போது என்மேலேயே குமட்டும். அப்படியும் ஒயிட்ஃபீல்டு வரும்வரை போனை உள்ளே வைக்க மாட்டேன்.

இசைக்காக வாங்கினேன் என்று சொன்னால் பொய். எண்ணுக்காக வாங்கினேன். பேஸ் கிட்டாரின் கழுத்து உடலோடு சேரும் இடத்தில், பின்பக்கம், ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அதில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். அதைவைத்து எந்த ஆண்டில் செய்தது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். சிலவற்றில் மாதம்கூடத் தெரியும். எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா எந்தக் கிழமை எந்தத் தெருவில் கச்சேரி செய்தது, யார் பாடினார்கள், மழை வந்ததா, வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்றெல்லாம் நோட்டுப் போட்டு எழுதிவைக்கிறவனுக்கு அந்தத் தகடு போதை. ஆண்டு தெரியும்வரை சாப்பாடு இறங்காது. தெரிந்த மறுநாள் அந்தக் கிட்டாரின்மேல் ஒரு துணியைப் போர்த்திச் சுவரோரம் சாத்திவிடுவேன்.

"இன்னாங்க இது, ஆஸ்பத்திரி வார்டா?" என்பாள் மனைவி. "ஒவ்வொண்ணுக்கும் போர்வை போத்தி வச்சிக்கினு கீறீங்க. இதுங்க எப்போதான் எழுந்து நடக்கும்?"

ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்தது நான் அல்ல, என் நண்பன். அவன் வர முடியாத நாட்களில் மட்டும் நான் நிற்பேன். அவன் வராத நாட்கள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவன். 2001இல் சுரங்கம் மூடியதற்கு அடுத்த ஆண்டு ஒரு பேஸ் கிட்டார் வாங்கினான். அதற்குப் பிறகு அவன் வேறொன்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாங்கிய அன்று போட்ட நான்கு கம்பிகளைக்கூடக் கடைசிவரை மாற்றவில்லை. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேராக மேடைக்கு வருவான்.

"போய்க் கையக் கழுவுடா, பன்னி," என்று நான் கத்துவேன்.

"ரைட்டரே, துன்ன கையோட வாசிச்சாதான் சவுண்டு வழவழன்னு வரும். நீ உன் நாலுத்தையும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டு, போ." எல்லாவற்றையும் எழுதிவைப்பதால் அவன் என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவான்.

அழுக்கேறித் தேய்ந்த அவன் கம்பிகளிலிருந்து 'கணீர்' என்று எதுவும் வராது. 'டும்' என்று வந்து உடனே அடங்கிவிடும். முன்பெல்லாம் பூமிக்கடியில் பாறை வெடித்து ஏர் பிளாஸ்ட் வரும்போது, சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் பாதத்துக்கு வரும், அலமாரிப் பாத்திரம் லேசாக அதிரும். அவன் வாசிப்பது அப்படித்தான் இருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட்டில் அவனுக்கு மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஆரஞ்சுப் பழங்களோடு போனேன். ஐந்து நிமிடம் உடம்பைப் பற்றிப் பேசினேன். ஆறாவது நிமிடம், "அந்த பேஸ் பின்னாடி தகட்டுல நம்பர் கீதா? எந்த வருஷத்துதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

மூக்கிலிருந்த குழாயை விலக்கிவிட்டுச் சிரித்தான். "எனக்கு இன்னும் எத்தினி நாளுன்னு டாக்டரக் கேக்காம, அதுக்கு எத்தினி வயசுன்னு என்னக் கேக்குறியே ரைட்டரே."

நானும் சிரித்தேன். அடுத்த புதன்கிழமை அவன் இறந்துபோனான்.

பதினாறாம் நாள் காரியம் வியாழக்கிழமை நடந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைத்துப் படைப்பது வழக்கம். அவன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் மட்டன் பிரியாணி, ஒரு பாக்கெட் சிகரெட், மடித்த சட்டை. பக்கத்தில் ஒரு நாற்காலியின் காலில் சாய்த்து, பூச்சரம் சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்த அந்த பேஸ் கிட்டார். அது ஒருக்களித்து நின்றதால் பின்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. தகடும் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கன்னத்தைத் தரையில் வைத்துத் தலையைத் தகட்டுப் பக்கம் திருப்பினேன். முதல் நான்கு எண்கள் தெரிந்தன. கடைசி இரண்டின்மேல் அழுக்கு அப்பியிருந்தது. மூன்றா எட்டா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். ஊதுவத்திப் புகை கண்ணில் ஏறித் தண்ணீர் வந்தது. அப்படியும் எழுந்திருக்கவில்லை.

தோளில் ஒரு கை பட்டது. நண்பனின் மனைவி. "எழுந்திருங்கண்ணா. நீங்களே இப்டி உடைஞ்சிப் போனா, நாங்க யாரப் பாத்துத் தேறிக்கிறது?"

எழுந்தேன். அங்கிருந்த எல்லோரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஈரத்துல கம்பி துரு புடிக்குதுமா. நான் எட்துக்கினு போய் சுத்தம் பண்ணிக் கொண்டாறேன்," என்றேன்.

"எட்துக்கினு போங்கண்ணா. உங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்."

அவர்களின் ஒரே மகள் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைக்காமல் நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவதையே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். இருபது ஆண்டுக்கும் மேலாக வாசித்த ஒரு மனிதனின் கை அதில் அப்பியிருந்தது. விரல் பலகையில் ஒவ்வொரு பித்தளைக் கோட்டின் ஓரத்திலும் பழுப்பு மெழுகுபோல அழுக்கு. வேர்வை, தேங்காய் எண்ணெய், பிரியாணி நெய், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து காற்றில் வரும் சாம்பல் தூசு. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. கம்பிகளில் கருப்பாகப் பிசின்போல ஏதோ ஒட்டியிருந்தது. தொட்ட விரலை முகர்ந்து பார்த்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு, நான்கு கம்பிகளையும் கட்டிங் பிளேயரால் நடுவில் வெட்டி, சுருட்டி, பேப்பரில் பொதிந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு குப்பை வண்டி வந்தது. போட்டுவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில், 'கம்பிகள் அகற்றப்பட்டன. நன்கு சுத்தம் செய்யப்பட்டது,' என்று எழுதினேன். அந்தக் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது.

பிறகு பல்துலக்கும் பிரஷ்ஷால் தகட்டைத் தேய்த்தேன். எட்டும் ஒன்றும் வந்தன. தேடினேன். அந்த எண் எந்தப் பட்டியலிலும் இல்லை. கழுத்து ஒரு கம்பெனி, உடல் ஒரு கம்பெனி. யாரோ ஒட்டுப்போட்டு, சும்மா ஓர் எண்ணைத் தட்டி விற்ற சரக்கு. அதற்கு ஆண்டே கிடையாது. அந்த நிமிடமே எனக்கு அதன்மேல் இருந்த ஆசை அறுந்துபோனது. புதுக் கம்பிகள் போட்டு, ஒரு பழைய லுங்கியால் சுற்றி, கட்டிலுக்கடியில் தள்ளினேன். பிறகு மூன்று வாரம் அதை நினைக்கவே இல்லை. போனில் வேறு படங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரத் திங்கட்கிழமை, காலை வண்டியில் நண்பனின் மகள் என் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் பெங்களூரில்தான் வேலை.

"அங்கிள், அப்பா பேஸ் ரெடியாயிடுச்சா?"

"ஆயிடுச்சிமா. இன்னா அவசரம்?"

"தீபாவளி ப்ரோக்ராமுல அப்பா எடத்துல நான் நிக்கறேன்னு ஆர்க்கெஸ்ட்ராவுல சொல்லிட்டேன். அப்பா இல்லாதப்போ எட்து வாசிச்சிப் பழகினேன், அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்." பையை மடிக்கு மாற்றிக்கொண்டாள். "அந்த சவுண்டு இல்லாம ஊடு ஒரு மாதிரி கீது அங்கிள். அம்மா சமையல் ரூம்ல இருந்துக்கினே, அப்பா வாசிக்கறாரா நான் வாசிக்கறனான்னு கரெக்டா சொல்லும். ரொம்ப நாளா நான் வாசிக்கறத அப்பான்னு அம்மா ஒருவாட்டியாவது ஏமாந்து சொல்லணும்னு பாக்கறேன். இப்போ அது இன்னும் ஜாஸ்தியா வேணும் போல கீது. சும்னே ஒருவாட்டி."

ஒயிட்ஃபீல்டு வரும்வரை வெட்டிய கம்பிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. "ஞாயித்துக்கெழம கொண்டாறேன்," என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். பளபளவென்று இருந்த கிட்டாரை அவள் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன ஆம்ப்பில் ஒயரைச் செருகி, அவள் அப்பா எப்போதும் முதலில் வாசிக்கும் நான்கு சுரங்களை வாசித்தாள். கடைத்தெரு மணிபோலக் கணீர் கணீர் என்று நீண்டது சத்தம். அவள் கை நின்றுவிட்டது.

உள்ளே தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில் அவள் அம்மா குரல் கொடுத்தார்: "டிவிய கொஞ்சம் கம்மி பண்ணு பாப்பா. அண்ணன் வந்துக்கீறாரு இல்ல."

மகள் கிட்டாரை மடியில் படுக்க வைத்தாள். "கம்பி மாத்திட்டீங்களா?"

"ரொம்ப அழுக்காக் கீதேன்னு..."

"பழசு?"

"குப்பை வண்டில."

அவள் அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கரண்டியோடு வெளியே வந்த அம்மா கிட்டாரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, "நல்லா தொடச்சிருக்கீங்கண்ணா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கடுகு கருகிய வாடை வந்தது.

மகள்தான் பேசினாள். "பரவால்ல அங்கிள். உங்க ஊட்லதான் நாலு கீதே. எதுலனா நல்லா வாசிச்சித் தேஞ்சிபோன கம்பி இருக்கும் இல்ல? அத்த கழட்டிக் குடுங்க. அப்பா மாதிரி இல்லன்னாலும் கொஞ்சம் கிட்டத்துல வரும்."

"பாக்கறேன்மா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்கின் துணிகளையும் எடுத்தேன். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவினேன். நான்கு நான்கு பதினாறு கம்பிகள். ஒன்றில்கூட அழுக்கு இல்லை. ஒன்றில்கூட விரல் பட்ட தேய்மானம் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பதினாறும் கணீர் என்றன. வீட்டில் மட்டும் வாசித்தது என்றுகூட என் கிட்டார்களை விற்க முடியாது. வீட்டிலும் வாசிக்கவில்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். போனை எடுத்தேன். தேய்ந்த கம்பியோடு ஒரு பழைய பேஸ் கிட்டார் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றியது. குற்ற உணர்ச்சி நல்ல சாக்காக அமைந்துவிட்டது; அந்தப் பெண்ணுக்காகத்தான் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அரை மணி நேரம் ருசித்துத் தேடினேன். நெலமங்களாவில் ஒருவரிடம் ஒன்று இருந்தது. 'கம்பி பழசா?' என்று கேட்டேன். 'கவலைப்படாதீங்க சார், புதுசு போட்டுத் தரேன்,' என்று பதில் வந்தது. உடனே நான் தட்டியது என்ன தெரியுமா? 'பின்னாடி தகட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.'

அனுப்பிய பிறகுதான் என்ன கேட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். கையில் ஏதோ ஒட்டியதுபோல இருந்தது. போனைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினேன். பிறகு நேராக அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து அதே நான்கு சுரங்களை வாசித்துக்கொண்டிருந்தாள். "எதுலயும் இல்லம்மா. நாலும் புதுசாவே கீது," என்றேன்.

"ஒண்ணுல கூடவா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. கம்பியைத் தடவிக்கொண்டே வேறொன்று கேட்டாள்: "அப்போ நானே வாசிச்சித் தேச்சிக்கறேன். எவ்ளோ வருஷம் ஆவும் அங்கிள்? அப்பாவுக்கு அந்த சவுண்டு எந்த வருஷத்துல வந்துச்சி? நீங்கதான் எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருப்பீங்களே."

அன்று மாலையே எல்லா நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கச்சேரியாகப் பார்த்தேன். கிழமை இருந்தது. பாடகர் இருந்தார். மழை இருந்தது. மைக் கெட்டுப்போனது இருந்தது. நான் மாற்றாக நின்று வாசித்த நாட்களுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு இருந்தது. அவனுடைய பேஸ் எப்படிக் கேட்டது என்று ஒரு வரிகூட இல்லை.